மழலையின் மயக்கத்தை அளத்தல்

அடிபட்டு வரும் மயக்கம் ஒருவகை. காய்ச்சலோடோ வலிப்போடோ வரும் மயக்கம் வேறொருவகை. இரண்டின் ஆழத்தையும் மதிப்பிடுவதற்கு 1974 இல் டீஸ்டேல், ஜெனற் ஆகியோர் வகுத்த கிளாஸ்கோ அளவை இன்றும் வழக்கிலுள்ளது. கண்திறத்தல், பேச்சு, உடலசைவு ஆகியவற்றுக்கு 3 முதல் 15 வரை புள்ளியிடுவது அது. ஆயின், பேச்சே வாராத மழலையிடம் “இது எந்த இடம்?” என்று வினவுதல் எங்ஙனம்? மலாவி நாட்டின் பிளன்ரயர் நகரிலே மூளை மலேரியா கண்ட குழந்தைகளைப் பராமரித்த மருத்துவர்கள் 1989 இல் வெளியிட்ட அளவை இதற்கு விடை கூறிற்று. அதன் உச்சப்புள்ளி 5. வலியுண்டான இடத்தைக் கை நாடுகின்றதா, அழுகை அழுகையாயுள்ளதா அன்றி வெறும் முனகலா, தாயின் முகத்தைக் கண்கள் தொடர்கின்றனவா என்பனவே அதன் வினாக்கள். 2 உம் அதற்குக் கீழும் ஆழ்மயக்கம்.

இம்மூன்றாம் வினாவைச் சாய்ந்தமருதில் எந்த உம்மாவும் மருத்துவருக்கு முன்பே கேட்டுவிடுவாள்: “மகன், இஞ்ச உம்மாவப் பாருங்க!” பிள்ளை பாராவிடின் ஓதிய தண்ணீரை வாயில் விடுவோரும் உண்டு. ஓதுதலுக்கு யாதொரு தடையுமில்லை, வாகனத்திலிருந்தும் ஓதலாம். உணர்வற்ற பிள்ளையின் வாயில் விட்ட நீரோ சுவாசப்பைக்குட் செல்லக்கூடும். பிள்ளையை ஒருக்களித்துக் கிடத்தி, வலிப்பு வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு புறப்படுதலே தக்கது. கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை தொலைவிலில்லை.

1985–86 இல் அனுராதபுரப் பகுதியைக் கலங்கவைத்த யப்பானிய மூளையழற்சி, 1988 இல் தொடங்கிய தடுப்பூசியினால் பெரிதும் அடங்கிற்று. மலேரியா அற்ற நாடென 2016 இல் இலங்கை சான்று பெற்றது. எனினும் மூளையுறையழற்சி, நஞ்சு, குருதியில் வெல்லக்குறைவு, ஓயாத வலிப்பு ஆகியன எஞ்சியேயுள்ளன.

புள்ளி குறையக் குறையப் பிழைக்கும் வாய்ப்பும் குறையும் என்பது மெய்யே. ஒளிக்கு ஒடுங்காத கண்மணி, ஒழுங்கிழந்த மூச்சு, தாழ்ந்த குருதியமுக்கம் ஆகியன கடுமையின் குறிகள். ஆயினும் முதற்புள்ளியைத் தலைவிதியென வாசித்தல் பெரும் பிழை. வலிப்பு ஓய்ந்த பிள்ளையும், வலிப்படக்கும் மருந்து பெற்ற பிள்ளையும் சிறிதுநேரம் ஆழ்ந்தே கிடப்பர். வெல்லக்குறைவால் மயங்கிய பிள்ளையோ, குளுக்கோஸ் ஏறிய சில நிமிடங்களிலேயே விழித்தலும் உண்டு. மூவருக்கும் முதலிற் கிடைக்கும் எண் ஒன்றாகவே இருக்கலாம். எனவேதான் தாதியர் அப்புள்ளியை ஒருமுறை எழுதியமையாது, இரவு முழுவதும் திரும்பத் திரும்ப எழுதுகின்றனர். மருத்துவர் நோக்குவது அவ்வெண் ஏறுகின்றதா, இறங்குகின்றதா என்பதையே.