வடிக்காத கஞ்சி

நெளுக்குளத்து வீடொன்றில் றைஸ் குக்கர் வாங்குவதென்ற முடிவு மூன்று ஆண்டுகள் பேசப்பட்ட பின்னரே எடுக்கப்பட்டது. ஒரு சமையற் பாத்திரத்துக்கு இத்தனை ஆலோசனையா என நகைப்போர் அம்மூன்று ஆண்டுகளும் எவையென நினைந்து பார்த்தல் நன்று. 2021ஆம் ஆண்டின் இறுதியில் எரிவாயு அடுப்புகள் வெடித்த செய்திகள் நாடெங்கிலுமிருந்து வந்தன. அவ்வீட்டின் தாய் தம் எரிவாயு உருளையைத் தூக்கிச்சென்று முற்றத்து வேம்பின் கீழ் வைத்தார். 2022இல் உருளையே கிடைக்கவில்லை. மின்சாரத்தை நாடலாமென்றாலோ, அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு. மின்வெட்டு ஓயத் தொடங்கக் கட்டணம் ஏறத் தொடங்கிற்று: 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் அதன்மேல் 66 சதவீதம். ஆகவே விறகடுப்பே அவ்வீட்டில் மீண்டும் அரசோச்சிற்று. 2024இல் கட்டணம் இருமுறை குறைக்கப்பட்டது. அதற்குள் தாயின் இருமல் முற்றிவிட்டது. இனிமேற் புகைக்குள் நிற்கலாகாதென வைத்தியர் கண்டிப்பாகக் கூறிய பின்னரே பேச்சு ஒரு முடிவுக்கு வந்தது.

வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதி வழியே செல்வோர் குருமன்காட்டைக் கடந்து நெளுக்குளத்தை அடைவர். அதற்கப்பால் பம்பைமடு; 2021 ஓகஸ்ட் முதலாந் திகதி முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்கும் வவுனியாப் பல்கலைக்கழகம் அங்கேதான் உள்ளது. நாள்தோறும் மாணவரைச் சுமந்து செல்லும் பேருந்துகளின் இரைச்சல் கேட்கும் தொலைவிலேயே அவ்வீடு இருந்தது. அம்மம்மா, தாய், மகள் என மூவரே அதில் வாழ்ந்தனர். ஏன் மூவர் மட்டும் என்பது வன்னியில் எவரும் விளக்கம் கேட்காத வினா.

குக்கர் வேண்டாமென்றவர் அம்மம்மா. அவர் கூறிய காரணம் விலையன்று, மின்கட்டணமுமன்று.

"உதுக்குள்ளை கஞ்சி எங்காலை வரும்?" என்று கேட்டார்.

வினா சிறியது, ஆயினும் அது பொருளின் அடித்தளத்தையே தொட்டது. வன்னிச் சமையலில் சோறு என்பது வடிக்கப்படுவது. பானை நிறைய நீர் கொதிக்க, களைந்த குத்தரிசியை இட்டு, அகப்பையால் துழாவி, ஒரு பருக்கையை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கிப் பதம் பார்த்து, பின் பானையைச் சரித்து வடிப்பதே முறை. வடிந்த கஞ்சி ஒருபோதும் வீணானதில்லை. உப்பும் சின்னவெங்காயமும் சேர்த்து ஒரு கோப்பை வீட்டார்க்கு. கழுநீரோடு கலந்து ஒரு வாளி மாட்டுக்கு. எஞ்சிய தெளிவிலே மகளின் வெள்ளைப் பாடசாலைச் சீருடை தோய்ந்து விறைப்பேறும். உணவும் தீனியும் உடைப்பசையும் ஒரே உலையிலிருந்து பிறந்தன.

கணிதப் பிரிவில் உயர்தரம் கற்கும் மகள் விஞ்ஞானத்தைத் துணைக்கழைத்தாள். நீரிற் கரையும் உயிர்ச்சத்துக்கள் கஞ்சியோடு போய்விடுகின்றன, குக்கரோ அவற்றைச் சோற்றிலேயே நிறுத்திவிடுகிறது என்றாள். "நாங்கள் என்ன பிள்ளை, கஞ்சியை நிலத்திலையே ஊத்தினனாங்கள்?" என்றார் அம்மம்மா. வாதம் அவ்விடத்தில் நின்றுவிட்டது. உண்மையில் இருவர் கூற்றும் சரியே.

குக்கருக்குக் கஞ்சி தெரியாமைக்கு அது பிறந்த இடமே காரணம். யப்பானியர் சோற்றை வடிப்பதில்லை; அளந்த நீரை அரிசி முற்றாக உறிஞ்சும்வரை மூடிவைப்பர். அங்கும் விடியுமுன் எழுந்து அடுப்பருகே காவல் நின்றவர்கள் பெண்களே. தோசிபா நிறுவனம் தானியங்கிச் சோற்றுக்கலமொன்றை ஆக்கும் பொறுப்பைச் சிறு தொழிற்சாலை நடத்திய மினாமி யொசித்தாடா என்பவரிடம் ஒப்படைத்தது. ஆனால், நாள்தோறும் அரிசியை அளந்து, வெப்பத்தையும் நேரத்தையும் குறித்து, மீண்டும் மீண்டும் சமைத்துப் பார்த்தவர் அவருடைய மனைவி பூமிக்கோ. 1955 டிசம்பரில் அக்கலம் விற்பனைக்கு வந்தது. அதன் உபாயம் மிக எளியது. இரு கலங்கள், ஒன்றனுள் ஒன்று. உள்ளே அரிசி, வெளியே ஒரு கிண்ண நீர். வெளிநீர் ஏறத்தாழ இருபது நிமிடத்தில் வற்றும். வற்றியதும் வெப்பம் நூறு பாகையைத் தாண்டும். தாண்டியதும் ஈருலோகத் தகடொன்று வளைந்து மின்னைத் துண்டிக்கும். அடுப்பருகே நிற்கும் பெண்ணின் கண்ணுக்குப் பதிலாக ஒரு தகடு நிறுத்தப்பட்டது எனலாம். பூமிக்கோவின் பெயர் குக்கர் வாங்கும் எவருக்கும் தெரிவதில்லை; கடைக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை.

நகரத்துக் கடையில் தாயும் மகளும் அரை நாளைச் செலவிட்டனர். முதலில் கொள்ளளவு. பெட்டிகளில் 1.8 லீற்றர் என்ற எண்ணே மிகுதியாகக் காணப்பட்டது. இரண்டுமன்றி ஒன்றரையுமன்றி ஏன் இந்த எண் என்று மகள் வியந்தாள். யப்பானியரின் பழைய முகத்தலளவையில் ஒரு 'சோ' என்பது 1.8 லீற்றர், அதில் பத்திலொன்று 180 மில்லிலீற்றர் கொண்ட 'கோ'. குக்கரோடு வரும் சிறு கிண்ணம் அந்தக் 'கோ'வே. நம் சுண்டிலும் அது சிறியது என்பதை அறியாமல், கிண்ணத்துக்குக் கூறப்பட்ட நீர்க்கணக்கைச் சுண்டுக்குப் பின்பற்றிக் குழைசோறும் நறுக்கரிசியும் கண்ட வீடுகள் பல. மூவருக்கு ஒரு லீற்றர்க் கலமே போதுமாயினும் தாய் பெரியதையே எடுத்தார். வருவோர் போவோருக்கும் சேர்த்து உலை வைக்கும் கை அது. மேலும், நுரைத்துப் பொங்கும் சிவப்புக் குத்தரிசிக்குக் கலத்திற் பாதி வெறுமையாக இருத்தல் வேண்டும். இது விற்பவர் கூறாத உண்மை.

அடுத்தது உட்கலம். ஒட்டாத பூச்சிட்டது பார்வைக்கு அழகு, கழுவுவதும் எளிது. ஆனால் அவ்வீட்டில் சோறு அள்ளப்படுவது சிரட்டை அகப்பையால், சில வேளை எவர்சில்வர்க் கரண்டியால். பூச்சு உரிந்தால் மாற்றுக் கலம் கிடைக்குமா என்று தாய் கேட்டார். கடைக்காரர் உடனே மறுமொழி கூறவில்லை. வெறும் அலுமினியக் கலமும் கண்ணாடி மூடியும் கொண்ட மலிவானதொன்றை அவர் தெரிவுசெய்தமைக்கு அந்த மௌனமே காரணம். துளைத்தட்டு வைத்துக் கஞ்சியைப் பிரிக்கும் புதுவகைக் குக்கரும் அங்கிருந்தது. மகள் அதனைத் திறந்து பார்த்தாள். விலை இருமடங்குக்கு மேல். துளைகளில் அடைபடும் பருக்கைகளைக் குத்தியெடுக்க ஒருவர் தனியே வேண்டும். மூடிவைத்துவிட்டாள்.

முதல் நாட் சமையல் தோல்வியில் முடிந்தது. நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து மேசையை நனைத்தது. அதன்பின் பத்து நிமிடமும் ஆகாமல் ஆளி தானாகவே மேலெழுந்தது. திறந்தால் அரிசி பல்லில் நெறுநெறுத்தது. அம்மம்மா எதுவும் கூறவில்லை. கூறாதிருந்ததே தாய்க்குக் கூடுதல் வேதனையாயிற்று. காரணத்தைக் கண்டவள் மகள். இக்காலத்து எளிய குக்கர்களில் ஈருலோகத் தகட்டின் இடத்தில் காந்தமொன்று உள்ளது. சூடேறும் தட்டின் நடுவில் வில்லின்மேல் நிற்கும் அச்சிறு குமிழுக்குள், குறித்த வெப்பத்தில் தன் காந்தத்தன்மையை இழக்கும் கலவை ஒன்று இருக்கிறது. காந்தத்துக்கு இத்தகைய எல்லை உண்டென்பதை 1895இல் ஆராய்ந்து நிறுவியவர் பியேர் கியூரி. பாடநூலில் அவ்வெல்லை அவர் பெயராலேயே வழங்குகிறது. நீர் இருக்கும்வரை கலத்தின் அடி நூறு பாகையை விட்டு ஏறாது. நீர் வற்றி மூன்று நான்கு பாகை ஏறியதும் காந்தம் பிடியை விடும், ஆளி மேலெழும். அன்று வழிந்த நுரையோடு இரு பருக்கைகள் தட்டுக்கும் கலத்துக்கும் இடையே புகுந்திருந்தன. கலம் சரிந்து தட்டில் ஒட்டாமல் நிற்க, தட்டு மட்டும் தனியே காய்ந்து காந்தத்தை ஏமாற்றிவிட்டது. பியேர் கியூரியின் விதியை இரு பருக்கைகள் வென்ற கதை இது.

பராமரிப்பெல்லாம் பெரும்பாலும் இந்த ஓர் உண்மையினின்றே பிறக்கிறது. கலத்தின் புற அடி துடைத்து உலர்ந்திருத்தல் வேண்டும். நீர்த்துளியோடு வைத்தால் தட்டுப் பொரியும். உட்கலத்தை நிலத்தில் தட்டிச் சோறு உதிர்க்கலாகாது. அடி நெளிந்தால் தட்டோடு பொருந்தாது. அரிசியை வேறு சட்டியிற் களைந்து அரைமணி நேரம் ஊறவிட்டு, பின்னரே கலத்தில் இடுவதைத் தாய் வழக்கமாக்கினார். மீண்டும் மீண்டும் களைந்தால் நுரையும் குறைகிறது. வவுனியாவின் கிணற்று நீர் வன்னீர். கேத்திலின் அடியிற் காணும் வெண்படலம் குக்கர்க் கலத்திலும் மெல்லப் படிந்தது. வாரம் ஒருமுறை பிழிந்த தேசிக்காய்க் கோதும் சிறிது நீரும் இட்டுச் சூடாக்கிக் கழுவ அது அகன்றது. சமையலறையில் வானொலிக்கும் கைப்பேசிக்கும் பயன்பட்ட இணைப்பானில் குக்கரைச் செருகியபோது பிளக் கைபொறாத அளவு சுட்டது. 700 வாற்றுக் கலம் மூன்று அம்பியர் மின்னை இழுக்கிறது. தளர்ந்த துளை அதற்குத் தாங்காது. சுவரிலுள்ள தனி இணைப்பே அதற்குரியது.

மின்கணக்கை மகள் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். சிவப்பரிசி வேக முப்பத்தைந்து நிமிடம், ஏறத்தாழ 0.4 அலகு. சோற்றைச் சூடாகவே வைத்திருக்கும் நிலையில் 40 வாற்று; பத்து மணிநேரம் விட்டால் அதுவும் 0.4 அலகு. அதாவது காலையில் சமைத்து இரவுவரை செருகியே விடுபவர் இருமுறை சமைத்த காசைக் கட்டுகிறார். மாதம் 60 அலகைத் தாண்டிய வீட்டுக்கு வேறு விலைப்படி என்றிருக்க, இது அற்பமன்று. சோறு வெந்து பத்து நிமிடம் அடங்கியதும் பிளக்கைக் கழற்றும் வேலையை அம்மம்மா ஏற்றுக்கொண்டார். குக்கரோடு அவர் கொண்ட முதல் உறவு அதுவே.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொரு மணிக்குப் பின்னர் நாடு முழுவதும் மின்சாரம் அற்றுப்போனது. பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் குரங்கொன்று சிக்கியதே காரணமென அமைச்சர் விளக்கினார். பாணந்துறைக் குரங்குக்கும் நெளுக்குளத்து உலைக்கும் இத்தகைய தொடர்பு உண்டென அன்றுதான் தெரிந்தது. குக்கரில் அரைவேக்காட்டு அரிசி. மின்சாரம் எப்போது வருமென்று எவரும் அறியார். அம்மம்மா ஒன்றும் பேசாமல் கொல்லைப்புறத்துக் கொட்டிலில் மூன்று கற்களைக் கூட்டி, பனைமட்டையைக் கொளுத்தி, பழைய பானையை ஏற்றினார். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தாயை வீட்டுக்குள் போகச் சொன்னார். அரைவேக்காட்டு அரிசி கொதிநீரில் விழுந்தது. சிறிது நேரத்தில் வடித்த கஞ்சியை மூன்று கோப்பைகளில் ஊற்றினார். மகள் தன் கோப்பையை முடித்துவிட்டு மேலும் கேட்டாள்.

அன்று மாலை மின்சாரம் மீண்டது. மறுநாள் குக்கரும் தன் வேலைக்குத் திரும்பிற்று. விறகு தேடுவதும் ஊதுகுழலுமின்றித் தாயின் விடியல்கள் கழிந்தன. இருமல் முற்றாக நீங்காவிடினும் இரவுகளில் அவர் உறங்கினார். இதை அம்மம்மா கவனித்தாரா என்பதற்கு வேறு சான்றில்லை. குக்கரின் மூடியை அவரே துடைத்துக் கவிழ்த்து வைக்கத் தொடங்கியது ஒன்றே சான்று.

எனினும் மே மாதம் வந்தது. 2009ஆம் ஆண்டின் முதன் மாதங்களில் உடையார்கட்டிலிருந்து புதுமாத்தளனுக்கும், அங்கிருந்து முள்ளிவாய்க்காலுக்குமாக ஒடுங்கிச் சென்ற மக்களுள் அம்மம்மாவும் தாயும் கைக்குழந்தையாக மகளும் இருந்தனர். அரிசி சிறிது, நீர் மிகுதி, கிடைத்தால் உப்பு. கலனேந்தி வரிசையில் நின்றோர்க்கு அங்கு வார்க்கப்பட்டது அந்தக் கஞ்சியே. அதன் பின்னர் செட்டிக்குளத்து மெனிக் பாம் முகாம். அதன் பின்னர் நெளுக்குளம். ஆண்டுதோறும் மே 18ஐ அண்டிய நாட்களில் தமிழர் ஊர்களில் அக்கஞ்சி காய்ச்சிப் பகிரப்படுகிறது. அவ்வீட்டிலும் அந்நாளில் உலையில் வேறெதுவும் ஏறுவதில்லை. வழக்கமாக அதைக் காய்ச்சுபவர் தாய். இம்முறை தாயைப் புகைக்கு விடமுடியாது. அம்மம்மாவுக்கோ அவ்வாரம் முழங்கால் மடங்கவில்லை.

குக்கரிலேயே காய்ச்சலாம் என்றாள் மகள். இரு பிடி அரிசியும் கலத்தின் பாதிக்கு நீரும் இட்டு ஆளியை அழுத்தினாள். அப்போதுதான் ஒன்று அவளுக்குப் புலப்பட்டது. கஞ்சியில் நீர் வற்றுவதேயில்லை. நீர் உள்ளவரை கலத்தின் அடி நூறு பாகையைத் தாண்டுவதில்லை. தாண்டாதவரை காந்தம் பிடியை விடாது. சோறு வெந்ததை அறியும் குக்கருக்குக் கஞ்சி காய்ந்ததை அறிய வழியேயில்லை. பொங்கினால் மூடியைச் சற்றே விலக்கவும் பதம் பார்த்து நிறுத்தவும் ஒருவர் அருகில் இருந்தே ஆகவேண்டும். மகள் இதனைச் சொன்னாள்.

அம்மம்மா கதிரையை இழுத்து மேசையருகே போட்டார். அகப்பையைக் கையில் எடுத்துக்கொண்டார். "நீ போய்ப் படி பிள்ளை, நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். சிவப்பு விளக்கு எரிந்தபடியே இருந்தது. இடையிடையே மூடியைத் தூக்கி, ஒரு பருக்கையை விரல்களுக்கிடையே நசுக்கிப் பார்த்தார். மூன்றாந் தடவை பார்த்தபின் உப்பிட்டுத் துழாவினார். பின்னர் கையை நீட்டி ஆளியைத் தாமே மேலே தட்டிவிட்டார்.