மாடிப்படிக்கு நடந்த சண்டை

எரவாடா, புனே

அன்புள்ள முரளி,

இந்த ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் கேட்காதே. மிசல் என்று ஒரு நெருப்பைக் கிண்ணத்தில் ஊற்றி, பக்கத்தில் பாவ் வைக்கிறார்கள். காபிப் பேச்சே வேண்டாம். சனிவார் வாடா கோட்டையும் பார்த்தாயிற்று.

எழுத உட்கார்ந்தது எரவாடாவுக்காக. காந்தி சிறையிருந்த அதே எரவாடாதான். இங்குள்ள குடிசைப் பகுதிகளில், ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டப் பணத்தில், இருந்த இடத்திலேயே வீடு கட்டியிருக்கிறார்கள். நம் சென்னைக் கண்ணகி நகரை நினைத்துக்கொண்டே படி. இங்கே யாரையும் லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே இறக்கவில்லை. கெட்டியான வீடுகளை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் இடித்து, அதே மனையில் சுமார் 270 சதுர அடி வீடு. செலவில் பத்தில் ஒரு பங்கு குடும்பத்தினுடையது. வரைந்தவர் பிரசன்னா தேசாய். வீடு வீடாக ஏறி இறங்கிப் பேசியவர்கள் மகிளா மிலன் பெண்கள்; அவர்களும் குடிசைவாசிகள்தான். கூட ஸ்பார்க் தொண்டு நிறுவனம்.

ஒரு வீட்டம்மா உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார், சர்க்கரைப் பாகு! என் அரைகுறை இந்திக்கு அவருடைய மராத்தி கலந்த இந்தி பரவாயில்லை. மனை சிறியது, அதனால் வீடு மேலே போக வேண்டும். மாடிப்படி உள்ளே வந்தால் அடுப்புக்கு இடமில்லை. வெளியே வந்தால் சந்தில் வண்டி நுழையாது. இதற்கு எத்தனை கூட்டம், எவ்வளவு கத்தல்! கடைசியில் பக்கத்திலிருந்த கொழுந்தன் வீட்டோடு சேர்த்து ஒரே படி. "அவர் பெண்டாட்டியோடு ஒரு வருஷம் பேசவில்லை, இப்போது பேசுகிறேன்" என்றார்.

நம்மூரில் கருத்துக் கேட்பு நடக்கும்போதே வரைபடம் அச்சாகியிருக்கும். மைக் பிடித்தவர் பேசிவிட்டு இறங்குவார். இங்கேபோல் அடுப்பு எங்கே என்று கேட்டுவிட்டுக் கோடு போட்டால் வேலை இழுக்கும், ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு மாதிரி வரும், ஒப்பந்தக்காரர் முறைப்பார். இழுக்கட்டுமே. ஆனால் ஒன்று: இங்கே சந்து பழைய அகலந்தான், வீடுகள் மட்டும் வளர்ந்துவிட்டன. நண்பகலிலும் உள்ளே விளக்கு எரிகிறது. காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் நம்மூர்ப் பெரும்பாக்கம் அடுக்குமாடியே தேவலை.

கிளம்பும்போது எதிர்வீட்டுப் பெரியவர் பிடித்துக்கொண்டார். அவருடையது இடிக்காமல் விட்ட வீடு. தன் வெளிச்சத்தை இந்த மாடி தின்றுவிட்டது என்று புகார். "கூட்டத்துக்கு வந்து சொல்லியிருக்கலாமே" என்று அந்தம்மா உள்ளிருந்தே கத்தினார். "என் வீட்டை இடிக்காதபோது நான் எதற்கு வரணும்?" என்றார் அவர்.

உன்,
ரகு