50,000 லிட்டருக்கு 40 லிட்டர்!

வீடு கட்டுகிறவர்களிடம் பேசிப் பாருங்கள். டைல்ஸ் எந்தக் கடையில் எடுத்தது, கதவு தேக்கா வேங்கையா என்று ஒரு மணி நேரம் சொல்வார்கள். "மண் டெஸ்ட் எடுத்தீங்களா?" என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும். "பக்கத்து மனையில மூணு மாடி நிக்குதே, அப்புறம் என்ன?" என்பார்கள். பக்கத்து மனை மேட்டு நிலமாக இருக்கலாம், இவர் மனை பழைய குட்டையை ரப்பிஷ் கொட்டித் தூர்த்ததாக இருக்கலாம். மேலே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

மண் பரிசோதனை என்றதும் ஏதோ பெரிய விஞ்ஞானம் என்று நினைக்க வேண்டாம். நிலத்தில் துளை போட்டு, அதற்குள் ஒரு குழாயை இறக்கி, மேலே இருந்து அடிக்கிறார்கள். அவ்வளவுதான்! ஆனால் அடிக்கு அளவு உண்டு. 63.5 கிலோ சுத்தியல், 75 செ.மீ. உயரத்திலிருந்து விழ வேண்டும். முதல் 15 செ.மீ. கணக்கில் சேராது (துளை போடும்போது கலங்கிய மண் அது). அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை அடி தேவைப்பட்டதோ, அதுதான் 'என்' மதிப்பு. (இது ஆங்கில எழுத்து, யாரும் சொந்தம் கொண்டாட வேண்டாம்!) மூன்று நான்கு அடியிலேயே குழாய் இறங்கிவிட்டால் கீழே இருப்பது இளகிய களிமண். 50 அடியைத் தாண்டியும் இறங்க மறுத்தால் நல்ல இறுக்கமான தரை. பொதுவாக ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு ஒரு முறை இதைத் திரும்பச் செய்வார்கள். வெயிலில் நின்று ஒருவர் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார் பாருங்கள், அந்த எண்ணிக்கையை நம்பித்தான் ஏ.சி. அறையில் அஸ்திவாரத்தின் அகலமும் ஆழமும் முடிவாகிறது.

கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். சுவரும் கூடவே வெடிக்கும்.

அடுத்தது காங்கிரீட். தளம் போடும் அன்று கலவையை எடுத்து 15 செ.மீ. கனசதுர இரும்பு அச்சில் போட்டு, மறுநாள் கழற்றித் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். 28ஆவது நாள் இயந்திரத்தில் வைத்து நசுக்குவார்கள். எம்20 ரகம் என்றால் ஒரு கட்டி சுமார் 45 டன் தாங்க வேண்டும். மூன்று கட்டி சேர்ந்தால் ஒரு மாதிரி. இந்திய விதிப்படி (ஐ.எஸ். 456, வருடம் 2000) 50 கன மீட்டர் காங்கிரீட்டுக்குக் குறைந்தது 4 மாதிரி, அதாவது 12 கட்டி. கணக்குப் போட்டால் 50,000 லிட்டர் கலவையில் சுமார் 40 லிட்டரைத்தான் சோதிக்கிறார்கள்.

40 லிட்டர் குறைவு என்பதல்ல பிரச்சினை. நேர்மையாக எடுத்தால் அது போதும். அந்த 40 லிட்டரை எடுப்பது யார்? பெரும்பாலும் காண்ட்ராக்டரின் ஆட்கள். கட்டிக்கு மட்டும் ஒரு சட்டி சிமெண்ட் கூடுதலாகப் போடும் கதையை சைட்டில் வேலை பார்த்தவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். லேப் மீது தப்பே இல்லை. வந்த கட்டியை நசுக்கி, வந்த எண்ணை எழுதுகிறார்கள். ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: கொண்டுவந்து கொடுத்த மாதிரிக்கு மட்டுமே இந்த முடிவு பொருந்தும்.

பி.காம். படிக்கிறவர்களுக்கு இந்த வரி ரொம்பப் பழக்கம். ஆடிட்டிங் பாடத்தில் 1896ஆம் வருடத்து கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு வரும். ஆடிட்டர் காவல் நாய்தான், மோப்பம் பிடித்துத் துரத்தும் வேட்டை நாய் இல்லை என்பது அதன் சாரம். சரக்கு இருப்பை மேனேஜர் கூட்டிக் காட்டினார், ஆடிட்டர் அதை நம்பினார், தப்பு ஆடிட்டர் மேல் இல்லை என்று தீர்ப்பானது. மில்லில் போனது பங்குதாரர்களின் பணம். கட்டடத்தில் போவது அப்படியா?

2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, மழை. சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தது. இறந்தவர்கள் 61 பேர். பெரும்பாலோர் அங்கே வேலை செய்தவர்கள், ஆந்திராவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நிறையப் பேர். இடி விழுந்தது என்றுகூட முதலில் சொல்லப்பட்டது. பிறகு நடந்த விசாரணைகளில் பேசப்பட்டதெல்லாம் அஸ்திவாரம், தூண், வடிவமைப்பு இவற்றின் குறைகள். திட்ட அனுமதி வாங்கிய கட்டடம்தான் அது. காகிதம் இருந்தது! பக்கத்திலேயே நின்ற ஜோடிக் கட்டடத்தையும் 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதற்குள் குடிபோக வேண்டிய குடும்பங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

சொந்த வீடு கட்டுகிறவர் இன்ஜினியர் ஆக வேண்டாம். தளம் போடும் அன்று காலையில் போய் நின்று, "இந்தக் கலவையில எடுங்க" என்று தானே கை காட்டலாம். கட்டி ஈரமாக இருக்கும்போதே ஆணியால் தேதியும் தன் கையெழுத்தும் கீறிவிடலாம். லேப் பணத்தைக் காண்ட்ராக்டர் கையில் கொடுக்காமல் நேரே கட்டி, ரிப்போர்ட்டைத் தன் பெயருக்கே வாங்கலாம். மேஸ்திரி முறைப்பார்... முறைக்கட்டும்.