பிரிண்டர் எரிகிறதா?

லினக்ஸில் ஒரு பழைய எச்சரிக்கை உண்டு. பிரிண்டருக்கு என்ன கோளாறு என்று புரியாவிட்டால் 'எல்பி0 ஆன் ஃபயர்' என்னும். பக்கெட் தேடாதீர்கள். யாரோ குறும்புக்காரர் எழுதியது.

எதிர்வீட்டு ரிட்டயர்டு தமிழாசிரியரின் கவலை வேறு. கண் மங்கிய மனைவிக்கு வாரம் ஒரு கதை, 20 பாயின்ட் எழுத்தில் அச்சடித்துக் கொடுப்பார். புது விண்டோஸ் வந்ததும், "இந்த மாடலுக்கு டிரைவர் கிடையாது, புதுசு வாங்கிக்குங்க" என்று கம்பெனி கைவிரித்துவிட்டது. "மிஷின் நல்லாத்தானே சார் இருக்கு?"

பேரனின் லினக்ஸ் லாப்டாப்பில் சொருகினோம். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்:631 என்று தட்டினால் 'கப்ஸ்' வரும். 1999-ல் பிறந்த அச்சு நிர்வாகி இது. மேக்கில் இருப்பதும் இதுவே. 'ஆட் பிரிண்டர்' போய்ப் பட்டியலில் தேடினால், கைவிடப்பட்ட அந்த மாடல்!

1980 வாக்கில் எம்ஐடியில் ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கும் பிரிண்டர்தான் தகராறு. ஜெராக்ஸ் லேசர் பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் தகவல் வரும்படி மாற்ற நினைத்தார். சோர்ஸ் கோட் தர மறுத்துவிட்டார்கள். 1983-ல் அவர் 'க்னூ' ஆரம்பித்ததற்கு அந்தக் கடுப்பும் ஒரு காரணம்.

முதல் பக்கம் கட்டம் கட்டமாக வந்தது. தமிழ் எழுத்துரு நிறுவியதும் சரியாகிவிட்டது. மாமி வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் பெரிசா வராதா?" என்றார்.

24 ஆக்கினோம்.