சூளை கற்பித்த பாடம்

பொங்கல் நெருங்கினால் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் மண்பானைகள் குவிவதை அன்பர்கள் அறிவர். அவற்றைப் பேரம் பேசி வாங்கினோமேயன்றி, அவை வேகும் விதத்தை நாம் அறிந்தோமில்லை. ஆங்கிலப் பள்ளியில் பயின்று தோட்டத்துக் கிராணியான நாம், சென்ற மார்கழியில் முதிய குயவர் ஒருவரிடம் விறகுச்சூளை மூட்டக் கற்கச் சென்றோம்.

“ஈரம் போகும்வரை சிறுதீ போதும், தம்பி” என்றார் பெரியவர். காய்ந்ததாகத் தோன்றும் பச்சைப் பானையிலும் நீருண்டு. அனல் திடீரென ஏறினால் அந்நீர் ஆவியாகி, வெளியேற வழியின்றிப் பானையைப் பிளக்கும். 100 பாகையில் நீர் ஆவியாகும் என்று பள்ளியில் ஒப்பித்தவர்தாமே நாம்! ஆயினும், பெரட்டுக்களத்தில் பிறரை விரட்டிய பழக்கம் நம்மை விட்டபாடில்லை. அவர் உணவருந்தச் சென்ற வேளையில் விறகை வாரித் திணித்தோம். சூளைக்குள் படபடவென வெடித்தது. அவருடைய பல நாள் உழைப்பு நம் அவசரத்தால் ஓடாயிற்று.

நட்டத்தைத் தர முன்வந்தோம். அவர் பணத்தைத் தொடவில்லை. “நாளை வாருங்கள், மண் பிசைய ஆள் வேண்டும்” என்றார். சென்றோம்.

காற்று தாராளமாய்ப் புகுந்தால் மண்ணிலுள்ள இரும்பு செந்நிறம் தரும். காற்றை அடைத்துப் புகை மூட்டினால் பானை கறுக்கும். ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் கிடைத்த கறுப்புச் சிவப்புக் கலங்களைச் சுட்டவர்கள் இவ்விரண்டையும் ஒரே கலத்தில் ஆண்டவர்கள். அத்தகைய அறிவைக் கையில் வைத்திருப்போரையா தாழ்ந்த தொழிலர் என்பது?

இவ்வாண்டுப் பொங்கலுக்குப் பானை வாங்கச் சென்றோம். பேரம் பேச நமக்கு நா எழவில்லை.