பிறர் கையெழுத்தில் சில நாட்கள்

மே 20, 2025, செவ்வாய்

வலக்கை மணிக்கட்டு ஒடிந்தது. இந்த வரி இடக்கையால் எழுதியது.

மே 22, வியாழன்

1973-இல் தபால் இலாகாவில் குமாஸ்தாவாகச் சேர்ந்த நாள் தொட்டு, ராச்சாப்பாட்டுக்கு முன் ஒரு பக்கமாவது எழுதாமல் இலையில் உட்காருவதில்லை என்ற நியமத்தை, தகப்பனார் காலமான தினத்தன்றும், 2021 நவம்பர் வெள்ளத்தில் இந்த ஜில்லா முழுதும் தத்தளித்த இரவுகளிலும் விடாமல் காத்து வந்த எனக்கு, ஐந்து நாட்களாக, அந்த ஒரு வரி தவிர, நோட்டுப் புத்தகம் வெறுமையாகக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மகன் வாங்கித் தந்த கைபேசியில், வாயால் சொன்னால் தானே தமிழில் எழுதிக்கொள்ளும் வசதி ஒன்று உண்டென்று பக்கத்து வீட்டுப் பையன் காட்டிக் கொடுத்தான். அதனிடம்தான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறேன்.

சென்ற சனிக்கிழமை மத்தியானம், இவ்வருஷத்து ஆவக்காய் ஜாடியைப் பரண்மேல் ஏற்றுவதற்காக முக்காலியில் ஏறினேன். முக்காலியின் ஒரு கால் நழுவ, ஜாடியை இடக்கையால் மார்போடு அணைத்தபடியே விழுந்து, வலக்கையைத் தரையில் ஊன்றிவிட்டேன். ஜாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. திருப்பதிக்குப் போய் எக்ஸ்ரே எடுத்ததில், ஆரை எலும்பு மணிக்கட்டருகே விண்டிருப்பது வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. மாவுக்கட்டுப் போடலாம் என்றார் டாக்டர். ஆனால் புத்தூருக்கு இவ்வளவு அருகே பிறந்து வளர்ந்தவன் எலும்பு ஒடிந்தால் எங்கே போவான்? திரும்பும் வழியில் அஞ்சேரம்மன் கணவாயில் வண்டியை நிறுத்தி டிரைவர் கும்பிட்டுக்கொள்ள, நானும் இடக்கையை நெஞ்சில் வைத்துக் கும்பிட்டேன். அப்படியே ஊரைத் தாண்டிப் புத்தூரை அடுத்த ராச்சபாளையத்துக்குப் போய்விட்டோம்.

வேட்டைக்குப் போன கேசவராஜு என்பவர், கொன்ற முயலை இலைகளில் சுற்றிக் கொண்டுவந்து பிரித்தபோது அது பிழைத்துத் துள்ளிற்று என்றும், அந்த இலைதான் இங்கே கட்டும் மருந்து என்றும் சொல்லுகிற கதையைச் சிறு பிராயத்திலிருந்து கேட்டிருக்கிறேன். தமிழ்நாட்டில் எந்தப் பட்டணத்துக்குப் போனாலும் 'புத்தூர்க் கட்டு' என்ற பலகை ஒன்று கண்ணில் படும். மூலஸ்தானம் இது. வைத்தியர் என் கையைப் பற்றி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே விரல் நுனிகளால் எலும்பைத் தேடி, ஒரு கணம் இழுத்துப் பொருத்தினார். வலியில் கண் இருண்டது. பிறகு பச்சிலை அரைப்பைப் பூசி, மூங்கில் சிம்புகளை வரிசையாக வைத்துத் துணியைச் சுற்றினார். அந்தப் பச்சை வாசனை இன்னும் கையில் இருக்கிறது.

மே 25, ஞாயிறு

இன்று ராகிச் சங்கடி. சோற்றைக் குழைய வேகவைத்து, அதன்மேல் ராகி மாவைக் குவித்து மூடி, ஆவி ஏறிய பின் துடுப்பால் கிண்டி, ஈரத் தட்டில் உருட்டி எடுக்கும் இந்த உருண்டை, எங்கள் பக்கத்தில் ஏழைக்கும் பணக்காரனுக்கும் பொதுவான ஆகாரம். இதைத் தின்பதற்கு ஒரு முறை உண்டு. உருண்டையின் நடுவே கட்டைவிரலால் குழி செய்து, புளிக் குழம்பான புலுசை ஊற்றிக்கொள்ள வேண்டும். ஓரத்திலிருந்து ஒரு நெல்லிக்காயளவு கிள்ளி, விரல் நுனியில் உருட்டி, புலுசில் புரட்டி, மெல்லாமல் விழுங்க வேண்டும். சூட்டைப் பதம் பார்ப்பதும், அளவை நிர்ணயிப்பதும், வழுவழுப்பாக்குவதும் விரல்களின் வேலை. ஸ்பூனால் எடுத்தால் அது மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. பல் தன் வேலையைக் காட்டி மென்றுவிடுகிறது. மென்ற சங்கடிக்கு ருசி இல்லை.

இடக்கையால் சாப்பிட எனக்கு மனம் ஒப்பவில்லை. நாலு வாய் ஸ்பூனோடு போராடியதைப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "ஏங்க, இப்டித் தின்னா வயிறு நெறையுமா?" என்று சொல்லி, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கிள்ளி உருட்டி ஊட்டினாள். நாற்பத்தேழு வருஷ தாம்பத்தியத்தில் இப்படி நேர்ந்ததில்லை. ஜன்னல் திறந்திருந்தது, யாராவது பார்ப்பார்களோ என்று எழுந்துபோய்ச் சாத்தினேன். வேர்க்கடலைப் பச்சடி உறைத்தது என்பதைத் தவிர வேறொன்றும் நாங்கள் பேசவில்லை.

மே 28, புதன்

கைபேசி எழுதியவற்றை இன்று நிதானமாக வாசித்தேன். 'சங்கடி' என்று நான் சொன்ன இடத்திலெல்லாம் 'சங்கடம்' என்று எழுதியிருக்கிறது. 'புலுசு' என்றால் 'புதுசு'. என் மனைவி என் சங்கடத்தைக் கிள்ளிப் புதுசில் புரட்டி ஊட்டியதாக ஒரு வாசகம் நிற்கிறது. யந்திரத்தைக் குறை சொல்ல நியாயமில்லை. அதற்குத் தெரிந்த சொல்லுக்கு நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறது. ஆனாலும் படித்தபோது என்னை யாரோ பேசவிடாமல் கையமர்த்தியது போல் இருந்தது. இனி அதனிடம் சொல்லப் போவதில்லை.

ஜூன் 2, திங்கள்

நெல்லூரிலிருந்து பேத்தி வந்திருக்கிறாள். பன்னிரண்டு வயது. மருமகள் தெலுங்குப் பெண். குழந்தை தமிழ் பேசுவாள், எழுத்துத் தெரியாது. இதைப் பற்றி மகனோடு நான் பட்ட மனஸ்தாபங்கள் பழைய நோட்டுகளில் நிறையவே இருக்கின்றன. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. புத்தூரும் எங்கள் வடமாலபேட்டையும் ஆந்திரத்திலேயே நின்றன. அன்று ஒன்பது வயதுப் பையனான என்னைத் தகப்பனார் கூப்பிட்டு, "எழுத்தை விட்டுடாதே" என்று ஒரு சிலேட்டைக் கையில் கொடுத்தார். நான் விடவில்லை. எனக்குப் பின் விட்டுப்போயிற்று.

நோட்டின் முன் நான் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "சொல்லுங்க தாத்தா, நான் எழுதறேன், தெலுங்கு அட்சரத்துல" என்றாள். வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தவன், அவள் அதற்குள் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டபடியால் சொல்லத் தொடங்கினேன். மூன்றாவது வார்த்தையிலேயே நிறுத்தினாள்.

"தம்பில வர்ற 'ப', பப்புல வர்ற 'ப'வா, பொம்மல வர்ற 'ப'வா?"

தெலுங்கில் அவை இரண்டும் வெவ்வேறு எழுத்துகள். 'தம்பி' என்று உரக்கச் சொல்லிப் பார்த்தேன். பொம்மையின் 'ப'. அடுத்து 'மகன்'. அதில் வருவது எந்தக் ககரம்? ஒரு முறைக்கு இரு முறை சொல்லிக் காட்டும்படி கேட்டு, என் வாயையே உற்றுப் பார்த்து, பிறகு எழுதினாள். ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. ஐம்பத்திரண்டு வருஷமாக எழுதி வரும் இந்தச் சொற்கள் என் வாயில் எப்படி ஒலிக்கின்றன என்று நான் காது கொடுத்துக் கேட்டதே இல்லை.

ழகரத்துக்கு அவளிடம் எழுத்தில்லை. ளகரத்தை எழுதி, அதன் கீழே தானாகவே ஒரு புள்ளி வைத்தாள். பழந்தெலுங்கிலும் ழகரம் இருந்தது, ரேநாட்டுச் சோழர் கல்வெட்டுகளில் அதற்கென்று தனி எழுத்தே உண்டு, பிறகு வழக்கொழிந்தது என்று சொன்னேன். "அப்ப என் புள்ளி தப்பில்ல" என்றாள்.

ஜூன் 5, வியாழன்

மழை வருவது போலிருந்து வரவில்லை. சங்கடியைச் சங்கடி என்றே எழுதினாள்.

ஜூன் 8, ஞாயிறு

தூக்கம் பிடிக்கவில்லை. நகரி தபால் ஆபீசில் இருந்தபோது, தறி நெய்கிறவர்களும் கூலிக்காரர்களும் கடிதம் எழுதித் தரும்படி கேட்டு வருவார்கள். வேலை நேரம் முடிந்த பின் எழுதிக் கொடுப்பேன், காசு வாங்கியதில்லை. ஜனங்களுக்குச் செய்த உபகாரம் என்று அதைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு திருப்தி உண்டு. ஒருநாள் ஒரு கிழவி, சூரத்தில் தறி ஓட்டப் போன மகனுக்கு எழுதச் சொன்னாள். அவள் கொச்சையாக, முன்னுக்குப் பின்னாக, நடுவில் தெலுங்கும் கலந்து சொல்லச் சொல்ல, நான் 'நலம், நலமறிய அவா' என்று ஆரம்பித்து, ஒழுங்கான வாசகமாக அமைத்து, படித்தும் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். "நல்லா இருக்குது சாமி. ஆனா இது நான் சொன்னது இல்லையே" என்றாள். எழுதினால் இப்படித்தானம்மா வரும் என்று சமாதானம் சொல்லி, ஒட்டி, முத்திரை குத்தி அனுப்பினேன்.

அவள் சொன்னது என்ன என்று இன்று இரவு முழுவதும் யோசித்துப் பார்க்கிறேன். ஒரு பூனை குட்டி போட்டதைப் பற்றி ஏதோ வந்தது. வேறொன்றும் ஞாபகமில்லை.

இதைப் பேத்தியிடம் காலையில் சொல்லி எழுதுவித்தேன். "பூனை என்ன நிறம்?" என்று கேட்டாள்.

ஜூன் 11, புதன்

நாளை பள்ளிக்கூடம் திறக்கிறது. பேத்தி நெல்லூருக்குப் போய்விட்டாள்.

ஜூன் 13, வெள்ளி

இடக்கை எழுத்து. அப்பலாயகுண்டாவில் பிரம்மோற்சவம். நம் மண்டலத்துக் கோயில் என்பதால் போகாமலிருக்க மனமில்லை. பிரசன்ன வேங்கடேசர் இங்கே வலக்கையை அபயஹஸ்தமாக உயர்த்தி நிற்கிறார். விரல் நீண்டு திறந்திருக்கும் அந்தக் கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், கூட்டம் தள்ளிவிட்டது.

ஜூன் 24, செவ்வாய்

கட்டு மாற்றப் புத்தூர் போனேன். எனக்கு முன் ஒரு விவசாயி, முப்பத்தைந்து வயதிருக்கும், இடது புஜம் ஒடிந்து உட்கார்ந்திருந்தார். தோத்தாபுரி மாங்காயை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு கூழ் ஆலை வாசலில் இரண்டு ராத்திரி வரிசையில் நின்றிருக்கிறார். காய்களின் மேலேயே படுத்துத் தூங்கி, விடியற்காலையில் உருண்டு விழுந்திருக்கிறார். இவ்வருஷம் விளைச்சல் அபரிமிதம். ஆலைகளிலோ போன வருஷத்துக் கூழே விற்காமல் கிடக்கிறது. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாயும், மேற்கொண்டு அரசாங்கம் 4 ரூபாயும், ஆக 12 ரூபாய் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. வெளி மாநிலக் காய் சித்தூர் ஜில்லாவுக்குள் வரக்கூடாதென்று தடையும் போட்டிருக்கிறார்கள். அறிவித்த விலை கைக்கு வந்து சேர வேண்டும், அதற்கு முதலில் டோக்கன் வர வேண்டும்.

நல்ல கையில் போனைப் பிடித்துக்கொண்டு, வரிசையில் விட்டுவந்த தம்பியிடம் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம், "நகந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். வலி அதிகமா என்று விசாரித்தேன்.

"கை கூடிப்பூடும் அய்யா. காய் அழுவிச்சுன்னா எவனும் எடுக்க மாட்டான்."

என் கை எப்படி ஒடிந்தது என்று அவர் கேட்டார். ஊறுகாய் ஜாடி என்றேன். "ஜாடி தப்பிச்சுதா?" என்றார் உண்மையான கவலையோடு. தப்பித்தது என்றதும் தலையை ஆட்டினார். எழுத முடியவில்லையே என்று அவரிடம் சொல்ல இருந்தேன், சொல்லவில்லை. வைத்தியர் எலும்பைப் பொருத்தியபோது அந்த மனிதர் பல்லைக் கடித்தார், சத்தம் போடவில்லை. கட்டு முடிந்ததும் மீண்டும் போன்தான். பத்தடி நகர்ந்திருக்கிறதாம். அவருடைய ஆலையின் பெயரையோ ஊரையோ கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

ஜூன் 25, புதன்

பாரமாக இருக்கிறது. ஒன்றும் எழுதவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

கட்டை அவிழ்த்தாயிற்று. கை மெலிந்து, தோல் வெளிறி, யாருடைய கையோ போலத் தொங்குகிறது. எலும்பு கூடிவிட்டது, விரல்கள் மடங்கவில்லை. தினமும் நல்லெண்ணெய் தடவி, வெந்நீரில் வைத்து மடக்கிப் பழக வேண்டும் என்று உத்தரவு. சங்கடி உருண்டையைக் கொடுத்துப் பார்த்தாள் மனைவி. கிள்ள முடிந்தது, உருட்ட முடியவில்லை. பழக்கத்தில் தட்டை அவள் தன் பக்கம் இழுத்தாள், நானும் விட்டுவிட்டேன். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

ஜூலை 14, திங்கள்

வலக்கை எழுத்து. கோணல்தான், இருந்தாலும் என்னுடையது. முன்பக்கங்களைப் புரட்டினேன்: இடக்கை கிறுக்கல், கைபேசியிலிருந்து பெயர்த்தெழுதப்பட்ட பக்கங்கள், பேத்தி கேட்டுக் கேட்டு எழுதிய பத்துப் பக்கங்கள். அந்தப் பத்தையும் தமிழ் எழுத்தில் திருப்பி எழுதி வைக்கலாமென்று உட்கார்ந்தேன். இரண்டு வரியோடு நிறுத்திவிட்டேன். அது அப்படியே இருக்கட்டும்.

பேத்திக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினேன். தெலுங்கு அட்சரத்தில், எங்கள் வீட்டுத் தமிழில். 'பழம்' என்ற சொல்லில் ளகரத்தின் கீழே புள்ளி வைத்தேன். பூனையின் நிறம் ஞாபகம் வரவில்லை என்றும் எழுதினேன். நாலு வரிக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. பிற்பகல் தபால் கட்டு எடுப்பதற்குள் நானே நடந்துபோய்ப் பெட்டியில் போட்டேன். கட்டைவிரல் இன்னும் சுண்டுவிரலைத் தொடவில்லை. அரை அங்குலம் இருக்கிறது.