பெடலில் ஒரு கால்

கடற்கரை ஊரில் பழைய கார் வைத்திருப்பது தனி வேலை. உப்புக்காற்று தகரத்தைத் தின்பது கண்ணுக்குத் தெரியும். பிறேக் ஒயில் ஈரம் குடிப்பது தெரியாது. புதிய டொட் 3 ஒயிலின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது நியமம். ஈரமேறினால் அது 140வரை இறங்கிவிடலாம். கல்முனைச் சமதரையில் அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. கண்டியிலிருந்து மஹியங்கனைப் பக்கம் அந்த வளைவுகளிலெல்லாம் பிறேக்கை மிதித்தபடியே இறங்கும்போது ஒயில் கொதித்து ஆவியாகலாம். ஒயில் அமுங்காது, ஆவியும் காற்றும் அமுங்கும். பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது.

எங்களுடையது மொறிஸ் மைனர். நான்கு சில்லுக்கும் ஒரே ஒயில் வழி. ஓரிடம் ஒழுகினால் எல்லாம் போய்விடும். மிஞ்சுவது கேபிளில் இயங்கும் ஹேண்ட் பிறேக்தான். மாதாமாதம் உம்மா கிளினிக்குக்குப் போவது இதில்தான். திறீவீலரில் ஏற அவவின் முழங்கால் விடாது. போன மாதம் பின்சில்லுச் சிலிண்டரின் றப்பர் ஒழுகியது. மாற்றியாயிற்று, இனி எயார் எடுக்க வேண்டும்.

அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலில், மற்றவர் சில்லடியில். இதுவரை பெடலில் இருந்தவன் மகன். அவன் இப்போது கட்டாரில். இளைய மகளைக் கூப்பிட்டேன். அவள் லைசன்ஸ் எடுத்து ஏழு மாதம். வீட்டுக் காரை யாரும் தொடக் கொடுக்கவில்லை.

"பொம்புளப் புள்ளைக்கி என்னத்துக்கு மனெ இந்த வேல?" என்றா உம்மா.

மாஸ்டர் சிலிண்டருக்கு ஆகத் தூரத்துச் சில்லில் தொடங்க வேண்டும். எங்கள் காரில் அது பின்பக்கம் இடது. நிப்பிளில் சேலைன் குழாயை மாட்டி, மறுமுனையை ஒயில் ஊற்றிய போத்தலுக்குள் அமிழ்த்தினேன்.

"மிதி மகள்."

"மிதிச்சிட்டன் வாப்பா."

"புடிச்சிக்க, உட்டுறாத."

நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்தினால் கறுத்த ஒயிலோடு குமிழிகள் வரும். நான் இறுக்கி "உடு" என்னும்வரை கால் பெடலிலேயே இருக்க வேண்டும். முந்தினால் போன காற்று திரும்ப உள்ளே வரும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது, குரல்தான். மகன் ஒவ்வொரு தடவையும் "உடவா, உடவா?" என்பான். இவள் கேட்கவில்லை. ஐந்தாறு மிதிக்கொரு தடவை, காலடிக் கார்ப்பெட்டுக்குக் கீழிருக்கும் மாஸ்டர் சிலிண்டரைத் தானே திறந்து பார்த்து ஒயில் ஊற்றினாள். அது வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவசரத்துக்கு எஞ்ஜின் ஒயில் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். றப்பர் ஊதிப்போகும், பிறகு முழுச் சிலிண்டருக்கும் செலவு.

முன்சில்லுகளில் சிலிண்டர் இரண்டிரண்டு, அங்கே நேரமெடுத்தது. அஸருக்குப் பாங்கு சொல்லும்போது கடைசி நிப்பிளை இறுக்கினேன்.

"கல்லு மாதிரி இரிக்கி வாப்பா."

யாரையும் ஏற்றாமல் ஒழுங்கைக்குள் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்க்க வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். அவள் ஆசனத்தைவிட்டு இறங்கவில்லை. கையை நீட்டிச் சாவியைக் கேட்டாள். உம்மா கேற்றைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றா.